ஜான் ஜோன்ஸ் கிடக்கும் இடம்

சாரல் இல்லாத மாசத்தில் குற்றாலத்தைப் பார்க்கக் கூடாது. சீசனில் கால் வைக்க இடமில்லாமல் எண்ணெய்த் தலைகள் முண்டியடிக்கிற அதே பேரருவியில், பங்குனி வெயிலுக்குப் பாறை மட்டும் கறுத்துப்போய் நிற்கும். நடுவில் ஒழுகுகிற தண்ணீர், குழாயைச் சரியாக மூடாமல் விட்டது மாதிரி இருக்கும். சிப்ஸ் கடைகளைத் தார்ப்பாய் போட்டு மூடியிருப்பார்கள். குரங்குகளுக்கே அப்போது பிழைப்பு நடக்காது. அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி வந்து இறங்கி, கார் வேண்டும், இங்கிலீஷ் தெரிந்த டிரைவர் வேண்டும் என்று கேட்டால் லாட்ஜ்காரன் விடுவானா? தென்காசிக்குப் போன் போட்டுத் துல்கர்னைனைக் கூப்பிட்டுவிட்டான்.

துல்கர்னைனுக்கு அறுபது நெருங்குகிறது. சொந்தக் கார், சொந்த இங்கிலீஷ். இரண்டுமே பழசு, இரண்டுமே தள்ளாமல் ஓடும். முன்பெல்லாம் வண்டியில் ஏறியவர்களைச் சிரிக்க வைத்தே கூட்டிப்போவார். மகன் போன பிறகு வாய் அடங்கிவிட்டது. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான்.

வந்தவள் பெயர் நெரிஸ். எழுபதைத் தாண்டியவள். ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டு ஓய்ந்தவள். “இங்கிலாந்துங்களா?” என்று மரியாதைக்குக் கேட்டு வைத்ததற்கு, “இல்லை, வேல்ஸ்” என்று வெடுக்கென்று சொன்னாள். புளியறை செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம், கேரளாவில் நின்று ஒருத்தரைப் பார்த்து நீங்கள் தமிழ்நாடா என்று கேட்டால் வருமே ஒரு முகம், அந்த முகம். துல்கர்னைன் அதற்குப் பிறகு அந்தத் தப்பைச் செய்யவில்லை.

அவர்கள் பேசிக்கொண்டது இங்கிலீஷில். அதில் பாதி கை ஜாடை. நமக்கு வேண்டியது விஷயம்தானே, தமிழிலேயே சொல்லிவிடலாம்.

அவள் ஒரு கல்லறையைத் தேடி வந்திருந்தாள். அவளுடைய பாட்டிக்கும் முப்பாட்டன் ஒருத்தன், கம்பெனிக்காரன் காலத்தில் குற்றாலத்தில் பட்டையும் கிராம்பும் ஜாதிக்காயும் போட்ட தோட்டங்களுக்கு வேலைக்காரனாகக் கப்பல் ஏறி வந்தவன். ஊரிலிருந்து கிளம்பும்போது பெண்டாட்டி வயிற்றில் பிள்ளை. அருவிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தாகிவிட்டது என்று எவனோ ஒரு மாலுமி வந்து சொன்னதோடு சரி. அந்தப் பெண்டாட்டி மறு கல்யாணம் செய்யாமல், கண்ணால் பார்க்காத சாவை நம்பவும் முடியாமல், கிழவியாகிச் செத்தாள். சாகும்போது, அவர் எங்கே கிடக்கிறார் என்று பார்த்து என் மண்ணில் ஒரு பிடி அவர் மேல் போடுங்கள் என்று மகளிடம் சொன்னாள். மகள் அவள் மகளிடம் சொன்னாள். ஆண்பிள்ளைகள் யாரும் இதைக் காதில் வாங்கவில்லை. அம்மா சொல்லி மகள் கேட்டு, கடைசியில் நெரிஸ் வரைக்கும் வந்திருக்கிறது. நெரிஸுக்குப் பிள்ளை இல்லை.

“என்னோடு இது முடிகிறது” என்றாள். மடியில் வைத்திருந்த பையில் ஒரு தகர டப்பா. அதில் அந்தப் பெண்டாட்டியின் கல்லறை மண்.

“அவருக்குப் பேரு என்னங்க?”

“ஜான் ஜோன்ஸ்.” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அந்த ஊரில் பாதிப் பேர் ஜோன்ஸாம், அதிலும் பாதிப் பேர் ஜானாம். ஒரே தெருவில் ரொட்டி ஜோன்ஸ், பால் ஜோன்ஸ், கோணக்கால் ஜோன்ஸ் என்று பட்டப்பெயர் வைத்துத்தான் ஆளை அடையாளம் சொல்வார்களாம். இவள் முப்பாட்டன் செருப்பு தைக்கிற வீட்டுப் பிள்ளை, அதனால் செருப்பு ஜோன்ஸ். ஆனால் கடல் தாண்டி வந்த இடத்தில் அது யாருக்குத் தெரியும்? இங்கே அவன் வெறும் ஜான் ஜோன்ஸ். கம்பெனியின் சம்பளத்தில் இந்தப் பக்கம் செத்த ஜான் ஜோன்ஸ்களைக் கணக்கெடுத்தால் ஒரு பட்டாளம் தேறும்.

துல்கர்னைனுக்கும் ரொம்ப நாள் கழித்துச் சிரிப்பு வந்தது. அவர் தெருவிலும் அதே கதைதான். காயலான்கடை சலீம், மைக்செட் சலீம், புளியங்கொட்டை சலீம். அவர் மகன் ஒல்லிப்பிச்சானாக இருந்ததால் ஊசி சலீம். சொல்ல ஆரம்பித்தவர் அந்த இடத்தில் நின்றுவிட்டார். வண்டி ஐந்தருவி ரோட்டில் ஏறிக்கொண்டிருந்தது.

“உங்கள் மகன் என்ன செய்கிறார்?” என்று கேட்டாள். கேட்கத்தானே செய்வாள்.

முகம்மது சலீம் இறந்தது கொரோனா வருஷம், ஜித்தாவில். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவனைக் கூடத் தங்கியிருந்த யாரும் மறுபடி பார்க்கவில்லை. விமானம் கிடையாது, மய்யித்தை ஊருக்கு அனுப்ப வழி கிடையாது. பொது மையவாடியில் அடக்கியாயிற்று என்று ஒரு போன் வந்தது. அந்த ஊரில் அடக்கிய கபுருக்குப் பெயர் எழுதுகிற வழக்கமில்லை. தலைமாட்டில் ஒரு கல், அதோடு சரி. தென்காசியில் மட்டும் என்ன, மீசான் கல்லில் எல்லாரும் பெயரா வெட்டுகிறார்கள்? ஆனால் இங்கே மூன்று பிடி மண் போட்ட கைகள் இருக்கின்றன. இது இன்னார், அது இன்னார் என்று அந்தக் கைகளுக்குத் தெரியும். சலீமுக்கு மண் போட்ட கை எது என்று யாருக்கும் தெரியாது. அந்த வாரம் அதே ஆஸ்பத்திரியில் எத்தனை முகம்மது சலீம்கள் மூச்சை விட்டார்களோ, ஊசி சலீம் எது என்று அங்கே யாரிடம் கேட்க?

அவர் மனைவி அலிமா அன்றிலிருந்து ஒரே கேள்வியைக் கேட்டாள். “எம்புள்ள எங்கன கெடக்கான்?” பால்காரனிடம் கேட்டாள், பள்ளிவாசல் மோதினாரிடம் கேட்டாள், கரண்டு பில் எடுக்க வந்தவனிடம் கேட்டாள். சோறு இறங்கவில்லை. செத்ததை அவள் ஏற்றுக்கொண்டுவிட்டாள். இடம் தெரியாததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஒரு வருஷம் இப்படியே போய், இவளையும் மையவாடிக்கு எடுத்துவிட வேண்டியதுதான் என்று துல்கர்னைன் மனசைத் தயார்செய்துகொண்டிருந்தபோது இசக்கிராஜா போன் பண்ணினான். சுரண்டைக்காரன், சலீமோடு ஒரே அறையில் இருந்தவன், இவர்களை மாமா, மாமி என்றுதான் கூப்பிடுவான்.

“மாமா, எடம் தெரிஞ்சிட்டு. நானே போயி விசாரிச்சேன். சந்தேகமே வேண்டாம். போட்டோ அனுப்புதேன், பாருங்க. கல்லுக்குப் பக்கத்துல சின்னதா ஒரு செடிகூட நிக்கி.”

அந்தப் போட்டோ வந்த அன்றைக்குத்தான் அலிமா வயிறாரச் சாப்பிட்டாள்.

துல்கர்னைன் வண்டியை ஓரமாக நிறுத்திப் போட்டோவை நெரிஸிடம் காட்டினார். வெளிறின மண்ணில் வரிசை வரிசையாக மேடுகள், எல்லாம் ஒரே சாயல். நடுவில் ஒன்று மட்டும் ஈரமாக, கறுப்பாக, ஒழுங்காகத் தெரிந்தது. “சுத்தி எல்லாம் காஞ்சு கெடக்கு, எம்புள்ள கபுருல மட்டும் ஈரம் இருக்கு பாருங்க. அல்லாவோட ரஹ்மத்து” என்று அலிமா சொல்வாள். வியாழக்கிழமை சாயங்காலம் தோறும் அந்தப் போட்டோவை முன்னால் வைத்துக்கொண்டு யாசீன் ஓதுவாள். நோன்பு முடிந்ததும் இரண்டு பேரும் மக்காவுக்கு உம்ரா போக, அப்படியே ஜித்தாவுக்கும் போய்வர ஏற்பாடு ஆகியிருந்தது. பெண்களை மையவாடிக்குள் விட மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். “நீங்க உள்ள போயி எம்புள்ளகிட்ட சலாம் சொல்லுங்க. நான் வெளிச் சுவரயாவது தொட்டுட்டு வாரேன்” என்று நாளைக்கு ஒரு தரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நெரிஸ் போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தாள். “இடம் தெரிந்திருக்கிறது. நீங்கள் கொடுத்துவைத்தவர்கள்” என்றாள்.

அந்த வார்த்தை துல்கர்னைனுக்குள் போய்ப் பதிந்துவிட்டது. பிள்ளையை வாரிக்கொடுத்தவனைப் பார்த்து இப்படிச் சொன்னால் யாருக்கும் கோபம்தான் வரும். அவருக்கு வரவில்லை. ஆமாம், எனக்குத் தெரியும், இந்தப் பாவப்பட்டவளுக்குத் தெரியவில்லை என்று ஒரு இரக்கம் வந்தது. கூடவே கொஞ்சம் பெருமையும் வந்தது. சொல்லாமல் விட்டால் தப்பு.

பழைய வெள்ளைக்காரர் கல்லறைத் தோட்டம் ஒரு மேட்டில் உன்னிச்செடிப் புதருக்குள் கிடந்தது. சாவி வைத்திருந்த ஏசுதாசன் கதவைத் திறந்துவிட்டு முதலிலேயே கையை விரித்துவிட்டார். “ரெக்கார்டெல்லாம் கரையான் தின்னுட்டு பாய். கல்லுல பேரு பாக்கலாம்னா, சலவக்கல்லு பூராத்தையும் எந்தக் காலத்துலயோ பேத்துட்டுப் போயிட்டானுவ. வீட்டு வாசல்ல பதிக்கதுக்கு.”

இருந்தாலும் நெரிஸ் தேடினாள். குச்சியை ஊன்றிக்கொண்டு, முள்ளில் கால் கிழிய, எழுத்து மிச்சமிருந்த கல்லையெல்லாம் கையால் தடவித் தடவிப் படித்தாள். மத்தியானத்துக்கு மேல் ஒரு சத்தம் போட்டாள். துல்கர்னைன் ஓடினார். ஜான் ஜோன்ஸ். எழுத்து தெளிவாக இருந்தது. அவள் மண்டியிட்டு மீதிப் பாசியையும் சுரண்டினாள். பிறந்து ஏழு மாசத்தில் இறந்த குழந்தை என்று கீழே இருந்தது.

வேறு யாரோ ஒரு ஜோன்ஸின் பிள்ளை. அவள் அந்தப் பிஞ்சுக் கல்லறைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள். இரைச்சலில்லாமல், மூக்கை உறிஞ்சி உறிஞ்சி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அழுதாள். மறுநாள் சாயங்காலம் சென்னை ரயிலில் அவளுக்கு டிக்கெட். டப்பாவை அப்படியே திருப்பிக் கொண்டுபோக வேண்டியதுதான்.

“அழாதீங்க. நான் ஊருக்குள்ள நாலு பேருகிட்ட விசாரிச்சுப் பாக்கேன்” என்றார் துல்கர்னைன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது அந்த நிமிஷம்தான்.

விசாரிக்க யார் இருக்கிறார்கள்? கம்பெனி காலத்துச் சாவைப் பற்றி டீக்கடையிலா கேட்க முடியும்? மறுநாள் விடிந்ததும் அரிவாளும் பழைய சாக்குமாகத் தனியாக அந்தத் தோட்டத்துக்குப் போனார். பெயரில்லாத கல்லறைகளுக்கு நடுவில் நடந்தார். ஒன்றைப் பொறுக்க வேண்டும். ஜவுளிக்கடையில் சட்டை பொறுக்குகிற மாதிரி இது ஆகிவிட்டதே என்று அவருக்கே கூச்சமாக இருந்தது. கோபுரம் வைத்தது பெரிய அதிகாரி வீட்டுக் கல்லறையாக இருக்கும், வேண்டாம். இரட்டைக் கல்லறை வேண்டாம். கடைசியில், மேட்டின் ஓரத்தில், ஒரு லவங்கப்பட்டை மரத்தடியில், சலவைக்கல் பெயர்த்தெடுக்கப்பட்ட நடுத்தரமான ஒன்று கண்ணில் பட்டது. தோட்டக்காரன் கல்லறைக்கு இது பொருத்தம் என்று நினைத்தார். புதரை வெட்டினார். வேரைப் பிடுங்கினார். “உள்ள கெடக்கவரே, நீரு யாராயிருந்தாலும் பொறுத்துக்கிடும். ஒரு பொம்பள மனசு ஆறட்டும்” என்று சொல்லிவிட்டு, சாக்கால் கல்லைத் துடைத்தார்.

ஏசுதாசன் கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். “அது யாரு கல்லுன்னு எங்க பாஸ்டருக்கே தெரியாதே, வே. உமக்கு யாரு சொன்னா?”

“ஒருத்தர் சொன்னாரு.”

ஏசுதாசன் அதற்கு மேல் கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு விளக்குமாற்றை எடுத்துவந்து கொடுத்தார்.

பத்து மணிக்கு நெரிஸைக் கூட்டி வந்தார். பட்டை மரத்தில் ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி அவள் மூக்கருகே நீட்டினார். “இது அவரு வச்ச மரம். இலஞ்சியில ஒரு வயசாளி சொன்னாரு. மரம் வச்ச தொரைய மரத்தடியிலேயே அடக்கிட்டாங்கன்னு அவங்க பாட்டனாரு காலத்துலேருந்து பேச்சு இருக்காம்.”

அவள் இலையைக் கையில் வாங்கி, அவரையே பார்த்தாள். “நிச்சயமாகவா?”

“நானே போயி விசாரிச்சேன். சந்தேகமே வேண்டாம்.”

சொல்லி முடித்த பிறகு, இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று ஒரு நெருடல் வந்தது. என்ன என்று பிடிபடவில்லை. அவள் அதற்குள் குனிந்து டப்பாவைத் திறந்துவிட்டாள். கறுப்பு மண், ஈரப்பசையுள்ள குளிர்தேச மண். அதைக் கல்லின் மேல் தூவி, தன் பாஷையில் ஏதோ மெல்லப் பேசினாள். இங்கிலீஷ் இல்லை அது. இத்தனை தலைமுறையாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லுகிறாள் என்று மட்டும் தெரிந்தது.  பொய் சொன்ன வருத்தம் துளிகூடத் துல்கர்னைனுக்கு அப்போது இல்லை.

பிறகு போட்டோ எடுக்கச் சொன்னாள். அவள் போனில் சார்ஜ் இல்லை, உங்கள் போனில் எடுத்து எனக்கு அனுப்புங்கள் என்றாள். துல்கர்னைன் எடுத்துப் பார்த்தார். நன்றாக வரவில்லை. வெயிலில் எல்லாக் கல்லும் ஒரே சாம்பல் நிறம். எது ஜான் ஜோன்ஸ் என்று போட்டோவில் பார்த்தால் தெரியாது. வண்டியிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துவந்து, அந்த ஒரு கல்லறையின் மேல் ஊற்றி, உள்ளங்கையால் நெடுக வழித்துவிட்டார். கல் கறுத்து, மற்றதிலிருந்து தனியாகத் தெரிந்தது. இப்போது எடுத்தார். அருமையாக வந்தது.

அனுப்புவதற்காகப் போனில் படங்களைத் திறந்தார். நேற்று நெரிஸிடம் காட்டிய சலீமின் கபுர் படத்தை, அடிக்கடி பார்ப்பதற்காக மேலேயே வைத்திருந்தார். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இதிலும் சுற்றி எல்லாம் காய்ந்து கிடந்தது, ஒன்று மட்டும் ஈரம். அதிலும் சுற்றி எல்லாம் காய்ந்து கிடந்தது, ஒன்று மட்டும் ஈரம்.

அவர் பட்டை மரத்தைப் பிடித்துக்கொண்டார். நானே போயி விசாரிச்சேன், சந்தேகமே வேண்டாம். அது யாருடைய வார்த்தை என்று இப்போது தெரிந்துவிட்டது.

“உடம்புக்கு என்ன?” என்று நெரிஸ் கேட்டாள்.

“வெயிலுங்க” என்றார்.

சாயங்காலம் தென்காசி ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. “உங்களை என் சாவு வரைக்கும் நினைத்துக்கொள்வேன்” என்றாள். முகம் தெளிந்து, வந்த அன்றைக்கு இருந்ததைவிடப் பத்து வயசு குறைந்தவள் மாதிரி இருந்தாள். ரயில் போன பிறகு அவர் வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டு இசக்கிராஜாவுக்குப் போன் போட்டார்.

“சொல்லுங்க மாமா. மாமி நல்லா இருக்காகளா?”

“இருக்கா.” எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. “ஏலே, அன்னைக்கு அந்த கபுருல நீ தண்ணி ஊத்துனியா?”

அந்தப் பக்கம் ஏசி ஓடுகிற இரைச்சல் மட்டும் கேட்டது.

“போட்டோவுல தெரியணும்லா மாமா” என்றான். பிறகு குரல் உடைந்துவிட்டது. “எல்லாம் ஒண்ணுபோல இருந்துச்சு. காவக்காரன்கிட்ட சலீம்னேன், எந்த சலீம்னு கேட்டான். மாமி போன்ல அழுத அழுகைய என்னால கேக்க முடியல. எனக்கு வேற ஒண்ணும் தோணல மாமா. என்னய மன்னிச்சிருங்க.”

அவனைத் திட்ட வேண்டும் என்றுதான் போன் போட்டார். நாலு வருஷமாக யாரோ ஒருத்தனுடைய மேட்டுக்கு யாசீன் ஓத வைத்தவனைக் கெட்ட வார்த்தையில் வைய நாக்கு துடித்தது. ஆனால் இன்னும் ஈரம் காயாத கையை வைத்துக்கொண்டு யாரைத் திட்டுவது?

“அழாதலே. நீ செஞ்சது சரிதான்” என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் அவர் அழுதார். சலீம் இறந்த செய்தி வந்த அன்றைக்குக்கூட இப்படி அழவில்லை. அன்றைக்கு மகன் போனான். இன்றைக்கு அவன் கிடந்த இடமும் போய்விட்டது.

வீட்டுக்கு வந்தபோது அலிமா வாசலிலேயே காத்திருந்தாள். வெள்ளைக்காரம்மா கதையை நேற்றே கேட்டு வைத்திருந்தாள்.

“அந்தம்மாவுக்கு கபுரு கெடச்சுதா?”

“கெடச்சுது.”

“யா அல்லா! காட்டிக் குடுத்தவங்க யாரோ, அவங்க புள்ள குட்டியோட நல்லா இருக்கட்டும்.” இசக்கிராஜாவுக்காக அவள் ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிற துஆவும் இதுதான். “கொண்டுவந்த மண்ணப் போட்டாகளா?”

“போட்டாங்க.”

 அலிமா அடுக்களைக்குள் போய் ஒரு கரண்டியையும், உம்ராவுக்கென்று தைத்து வைத்திருந்த சின்னத் துணிப்பை ஒன்றையும் எடுத்துக்கொண்டு வந்தாள். “நமக்கு இது தோணாமப் போச்சே. அவன் வெளையாண்ட எடத்து மண்ணு. நம்மளும் கொண்டு போவோம். நீங்க உள்ள போவையில, ஈரமா இருக்குல்லா அந்த எடம், பாத்துப் போட்டுருங்க. மாறிறக் கூடாது.”

 அவள் கொல்லைக்குப் போய் முருங்கை மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு, கரண்டியால் மெதுவாகத் தோண்ட ஆரம்பித்தாள். பொடிக் கல்லையெல்லாம் விரலால் பொறுக்கி எறிந்தாள்.

“நிக்கியளே, பை வாய விரிச்சிப் பிடிங்க” என்றாள்.

துல்கர்னைன் பக்கத்தில் உட்கார்ந்து, பையை விரித்துப் பிடித்தார்.